குந்தச் சொல்ல ஒரு செக் மொழிச் சொல்

மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்புக்கும் உழைப்புக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்று கேட்டுக்கொண்டு, நேரே சண்டைக்கு வருகிறேன்.

இதைக் குரல் பதிவாகவே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ வேகத்தைக் கூட்டி ஓடவிட்டுத்தான் கேட்பாய் என்று உன் ராத்தா சிபானா சொல்லிவிட்டாள். உம்மா எலிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டுப் புத்தி சொன்னால் எவன் காதில் ஏறும்? அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவள்தான் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அனுப்புவதற்கு முன் அவளும் வாசிப்பாள் என்று எனக்குத் தெரியும். வாசிக்கட்டும், அவளைப் பற்றியும் இதில் இருக்கிறது. காலமெல்லாம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்து, அவர்களுடைய கொப்பிகளில் சிவப்புப் பேனையால் பிழை திருத்தியவள் நான். இன்றைக்கு என் மகனுடைய கோபத்தைத் திருத்தக் குந்தியிருக்கிறேன். கோபம் பிழை என்று சொல்லவில்லை. அதை நீ எறிந்த இடம்தான் பிழை.

நீ சொன்னதை நான் மறக்கவில்லை. கல்யாணத்துக்கு வரும்போது ராத்தா வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், மாமா வீட்டில் தங்கி, அங்கிருந்தே மருதமுனைப் பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போவேன் என்றாய். மச்சானைக் கண்டால் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன் என்றாய். அவர் அனுப்பிய சலாமுக்குக்கூட நீ பதில் போடவில்லை. இங்கே உன் ராத்தா குசினிக்குள் வெங்காயம் உரிக்காத நேரத்திலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரிகிறாள். தம்பியின் கல்யாணத்தில் புருசன் ஒரு மூலையிலும் தம்பி ஒரு மூலையிலும் நின்றால் அவள் எந்த மூலையில் நிற்பாள்? கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான் உனக்கு. அவள் புருசனோடு நீ முறித்துக்கொண்டால், நான் மௌத்தான பிறகு உனக்கு இந்த ஊரில் கதவைத் திறந்துவிட ஆள் இருக்காது. அதுதான் என் பயம், வேறொன்றும் இல்லை.

அன்றைக்கு நடந்ததை முதலில் என் பக்கத்திலிருந்து கேள். பொழுது பட்டு, மஃரிப் தொழுதுவிட்டு வழமைபோல ஹோலில் அந்த மெத்தைக் கதிரையில் குந்தி உன்னோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு அங்கே மத்தியானம், காலை வேலை முடித்து அறைக்கு வந்திருந்தாய். கல்யாணத்துக்கு உடுக்கப்போகிற கோட்டைப் போட்டுக் காட்டினாய், தோள் பக்கம் கொஞ்சம் பெரிது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. கேட் திறந்த சத்தம் கேட்டுத் திரும்பினால், மருமகன் தலையிலிருந்து கால்வரை நனைந்துபோய் வாசலில் நிற்கிறார். மருமகன் வந்துட்டாரு என்று சொல்லிக்கொண்டே எழும்பினேன். எழும்பிய வேகத்தில் போன் நழுவி விழுந்தது, முழங்கால் ஸ்டூலில் அடிபட்டு "உம்மோவ்" என்று கத்திவிட்டேன். நீ கண்டது மேலே சுழல்கிற ஃபேனை மட்டும்தான். மிச்சத்தை நீயே கற்பனை செய்துகொண்டாய்.

"உம்மா, உங்கட ஊட்டுக்குள்ள உங்களுக்குக் குந்த ஒரு கதிரை இல்லையா? அந்தாளக் கண்டா ஏன் இப்பிடிப் பாய்ஞ்சு எழும்புறீங்க? இங்க ட்ராம்ல கிழவிமார் ஏறினா, காதுல வளையம் போட்ட பொடியன் கூட எழும்பி சீட் குடுக்கிறான். நம்மட ஊர்லதான் கிழவி எழும்பி வாலிபனுக்கு இடம் குடுக்கிற!"

இதுதான் நீ கத்தியது. போன் நிலத்தில் கிடந்து உன் குரலை ஹோல் முழுக்கப் பரப்பியது. மருமகன் வாசலில் நின்று சேர்ட்டைப் பிழிந்துகொண்டே கேட்டார். செருப்பைக் கழற்றாமலே பின்பக்கத்தால் சுற்றிப் போய்விட்டார்.

கிழவி என்றதற்கு உன்னிடம் பிறகு தனியாகக் கணக்குத் தீர்க்கிறேன். மற்றதுக்கு வருகிறேன்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேர்வார். பெண்ணைப் பெற்றவர்கள் அதே வீட்டில் ஒரு அறைக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆனால் நீ ஆம்பிளைப் பிள்ளை, அந்த அறைக்குள் ஒதுங்குகிறவளுடைய பக்கம் உனக்குத் தெரியாது. மருமகன் ஹோலுக்குள் வந்தால் மாமி குந்தியிருக்க மாட்டாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எழும்பி உள்ளே போய்விடுவாள். நேருக்கு நேர் கதைக்கவும் மாட்டாள். "சோறு ஆறுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள், சுவர் கேட்டு மருமகனுக்குச் சொல்லிவிடும். என் உம்மா உன் வாப்பாவோடு அப்படித்தான் இருந்தா. உன் வாப்பா இந்தக் குடும்பத்துக்குள் வந்த நாளிலிருந்து அவர் இருக்கிற இடத்தில் என் உம்மா கதிரையில் குந்தி நான் காணவில்லை. இப்போது எத்தனையோ வீடுகளில் மாமியும் மருமகனும் ஒரே சோபாவில் குந்தி நாடகம் பார்க்கிறார்கள், நானும் காண்கிறேன். இங்கிலிஷ் டீச்சர், ஊரெல்லாம் பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பச் சொல்லி வீடு வீடாகப் போனவள், இதை மட்டும் ஏன் விடவில்லை என்று நீ கேட்பாய். புத்திக்குத் தெரிவது காலுக்குத் தெரிவதில்லை மகன். கேட் சத்தம் கேட்டால் என்னைக் கேளாமலே கால் எழும்பிவிடுகிறது.

அது மரியாதை மட்டும்தான், எனக்கு மனவருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். முழங்கால் நோவு வந்த பிறகு, எழும்பி அறைக்குள் போய்க் கட்டிலில் குந்தும்போது, சுனாமியில் கடல் வந்துபோன பிறகு நானும் இப்போது இல்லாத உன் வாப்பாவும் கல் கல்லாகப் பார்த்துக் கட்டிய வீடு இது என்று சில நாள் நினைத்திருக்கிறேன். அழுதும் இருக்கிறேன். ஆனால் அந்த மனிதர் என்னை ஒரு நாளும் எழும்பச் சொன்னதில்லை. நினைத்துப் பார்த்தால், குந்தச் சொல்லவும் அவருக்கு வழி இல்லை. மாமியோடு கதைக்க முடியாதவர் எப்படிக் குந்தச் சொல்வார்?

இனி உன் சொற்களுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் அவற்றுக்கும் வேலை இருக்கிறது. நீ செக் நாட்டுக்குப் போன புதிதில், வாகனங்களுக்கு சீட் செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது என்றாய். எல்லாவற்றுக்கும் முதலில் குந்துகிற சாமான்களின் பெயரைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது என்று சிரித்தாய். நான் டீச்சர்தானே, விடுவேனா? பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, ஒரு பக்கம் ஆங்கிலம், நடுவில் நம் பாசை, கடைசியில் நீ சொல்லித் தந்த செக் சொல் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். செயார், கதிரை, ஜித்லே. ஆர்ம்செயார், கைவைத்த கதிரை, க்ர்ஷெஸ்லோ. அந்த நடு எழுத்தைச் சொல்ல நாக்கு உருளவும் வேண்டும், சீறவும் வேண்டும் என்றாய். உருட்டிச் சீறியதில் என் பல் செட் கழன்று விழப் பார்த்தது. வாகனத்தில் இருக்கிற சீட் என்றால் செதாத்லோ. சோபா என்றால் பொஹொவ்கா. நாம் வாங்கு என்று சொல்கிற பெஞ்சுக்கு, பள்ளிக்கூடத்தில் கிடந்தால் லவித்செ என்று ஒரு பெயர், மரத்தடியில் கிடந்தால் லவிச்கா என்று ஒரு பெயர். ஸ்டூலுக்கு ஸ்தொலிச்கா. அந்தச் சொல்லுக்கே கடைவாய்ப் பல் என்றும் ஒரு அர்த்தம் இருக்கிறது என்று நீ சொன்னபோது, அந்த நாட்டார் எதில் குந்துகிறார்கள் எதால் மெல்லுகிறார்கள் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

நாம் மட்டும் என்ன திறம்? கதிரை என்பதும் வாங்கு என்பதும் போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போன சொற்கள். அவர்கள் வருவதற்கு முன் நம்மவர்கள் பாயில் சந்தோசமாகத்தான் குந்தியிருந்திருப்பார்கள். யார் யாருக்கு முன்னால் எழும்ப வேண்டும் என்ற தொல்லை, கதிரை வந்த பிறகு கூடியிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தத் தாளில் கடைசியாக எழுதியவை குந்து, குந்துங்க என்ற இரண்டும்தான். கூட்டாளிக்கு செத்னி சி. பெரியவருக்கு, மரியாதைக்குரியவருக்கு பொசாத்யே செ. இந்த இரண்டையும் நான் பாடமாக்கியதற்குக் காரணம் உண்டு. நீ அங்கே போன முதல் கிழமைகளில், சாப்பாட்டு மண்டபத்தில் யாருக்குப் பக்கத்தில் குந்தலாம், குந்தக்கூடாது என்று தெரியாமல் சுவரோரம் நின்றுகொண்டே தின்றதாகப் பிறகுதான் சொன்னாய். பக்கத்து இடம் காலியா என்று கேட்க யெ து வொல்னோ என்று மூன்று சொல் போதும், அந்த மூன்று சொல்லும் அப்போது உன்னிடம் இல்லை. ஒரு நாள் நரைத்த மீசைக்காரர் ஒருவர், உன்னோடு வேலை செய்கிறவர், காலால் ஒரு ஸ்டூலை இழுத்துத் தள்ளி "செத்னி சி" என்றார். நீ குந்தினாய். அதைக் கேட்ட அன்றைக்கு நான் இரண்டு ரக்அத் தொழுது அந்தப் பெயர் தெரியாத மனிதருக்காகத் துஆ கேட்டேன். என் பிள்ளையை ஒருவர் குந்தச் சொல்லியிருக்கிறார். உம்மாவுக்கு அதைவிட என்ன வேண்டும்?

இப்போது நீ அறியாததைச் சொல்கிறேன். ஸ்டூலில் அடிபட்ட முழங்கால் மறுநாள் வீங்கிவிட்டது. பின்னேரம் டிஸ்பென்சரிக்குப் போய் மருந்து எடுத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பினேன். பெரிய ரோட்டில் சனம் கூடி நின்றதால் டிரைவர் கடற்கரை ரோட்டால் விட்டார். மஃரிப் பாங்கு சொல்லிச் சற்று நேரம் ஆகியிருந்தது. இழுத்துப் போட்ட தோணிகளுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் சீட்டில் ஒருபக்கமாகக் குந்தி, கடலைப் பார்த்துக்கொண்டு, கடதாசியில் சுற்றிய பேக்கரிப் பணிஸ் ஒன்றைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தவர் என் மருமகன். உதிரிப்பாகக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். சாவிக் கொத்து விரலில் தொங்கியது.

"நில்லுங்க, நில்லுங்க, அது எங்கட மருமகன் தானே?" என்றேன்.

"ஓம் டீச்சர். நௌபர் நானா எந்த நாளும் இங்கதான். மஃரிப் தொழுதுட்டு வந்து குந்துவாரு, இஷா முடிஞ்சுதான் ஊட்ட போவாரு" என்றார் டிரைவர். ஊருக்கே தெரிந்த செய்தியை எனக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "நேத்து மழைக்கு ஒதுங்க இடமில்லாம நேரத்தோட போனாரு போல."

ஆட்டோவை நிறுத்தவில்லை, போகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து குசினிக்குள் போய் சிபானாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டேன். அவள் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஓம் உம்மா, எனக்குத் தெரியும். உங்களுக்குச் செல்ல வேணாம் எண்டாரு. அது மாமிட நேரம், நான் போனா அவங்க எழும்பிருவாங்க, காலும் ஏலாது, தம்பியோட நிம்மதியாக் கதைக்கட்டும் எண்டுதான் அங்க குந்துறாரு."

"எப்ப இருந்து?"

"தம்பி வெளிநாடு போன நாள்ல இருந்து."

மகன், இதை மெதுவாக இன்னொரு தரம் வாசி. நீயும் நானும் ஒவ்வொரு பின்னேரமும் கதைக்கிற கதையெல்லாம், உன் குளிர் ஜக்கெட்டும், என் நோவும், கல்யாணப் பெண் ஹிமாயாவுக்கு என்ன நிறத்தில் புடவை எடுப்பது என்ற வழக்கும், அத்தனையும் அந்த மனிதர் கடற்கரையில் பணிஸ் தின்று நமக்கு வாங்கித் தந்த நேரம். நாள் முழுக்கக் கடையில் நின்று வேலை செய்தவர். வீட்டில் நல்ல கதிரை கிடக்கிறது. அதில் அவர் குந்துவதில்லை, மாமி குந்துகிற இடம் என்று. நானும் அவர் இருக்கும்போது குந்துவதில்லை, மரியாதைக்கு. ஆளுக்கு ஆள் மரியாதை செய்து செய்து அந்தக் கதிரை பாதி நாள் சும்மா கிடந்திருக்கிறது. நீ அன்றைக்கு "அந்தாள்" என்று கத்தியது இவரைத்தான். என் பிழையும் இதில் உண்டு. நான் எழும்பிப் போன பிறகு அவர் எங்கே குந்துகிறார் என்று ஒரு தரமாவது எட்டிப் பார்த்தேனா? எழும்பினால் என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் சிபானாவிடம் சொல்லி அவரை மஃரிப் முடிந்தவுடன் வீட்டுக்கு வரச் செய்தேன். நான் ஹோலில் மெத்தைக் கதிரையில் குந்தியிருந்தேன். கேட் சத்தம் கேட்டது. கால் எழும்பத் துடித்தது. கதிரையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், பஸ்ஸில் வளைவு வந்தால் பிடிக்கிற மாதிரி. அவர் உள்ளே வந்து, நான் எழும்பாமல் இருப்பதைக் கண்டு, தான்தான் ஏதோ தப்பான நேரத்தில் வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பி வெளியே போகப் பார்த்தார். குந்துங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. இத்தனை வருசம் அவரோடு நேரே கதைக்காத வாய், நம் பாசையில் அந்தச் சொல்லுக்கு வழி விடவில்லை. அவர் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார்.

"பொசாத்யே செ!" என்றேன்.

எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் பெரிய சத்தமாக, வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் வந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உம்மா, என்ன மந்திரம் ஓதுறீங்க?" என்று சிபானா குசினிக்குள் இருந்து ஓடிவந்தாள்.

"மாமி என்ன செல்றாங்க?" என்று அவர் அவளிடம் கேட்டார். பாவம், முகம் வெளுத்துவிட்டது.

சிபானா என்னைப் பார்த்தாள், பிறகு குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. "தம்பிட நாட்டுப் பாசையில உங்களக் குந்தச் செல்றாங்க. மரியாதையாத்தான் செல்றாங்க. மரியாதை இல்லாட்டி அதுக்கு வேற சொல்லு இரிக்கி."

அவர் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு கழற்றினார். உள்ளே வந்து, ஜன்னலோரம் கிடக்கிற வாங்கின் அந்தக் கடைசியில், ஒரு கோழி குந்துகிற அளவு இடத்தில் குந்தினார். நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். இரண்டு பேரும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிபானா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரித் திரும்பிப் போனாள். குசினிக்குள் போய் அழுதாள் என்று பிறகு சொன்னாள், அது வேறு அழுகை.

தேத்தண்ணி பாதி முடிந்த பிறகு அவர் ஃபேனிடம் கேட்டார்: "அதுக்கு மறுமொழி என்ன செல்ற?"

"தியெகுயி" என்று நானும் ஃபேனிடமே சொன்னேன். "நன்றி எண்டு அர்த்தம்."

"தியெகுயி" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் கடற்கரைக்குப் போவதில்லை. மஃரிப் தொழுதுவிட்டு நேரே வீட்டுக்கு வருகிறார். நம் பாசையில் நாங்கள் இன்னும் நேருக்கு நேர் கதைப்பதில்லை, கூச்சம் போக நாள் செல்லும். அந்தத் தாளில் உள்ள சொற்களை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. நான் ஜித்லே என்றால் அவர் சாப்பாட்டு மேசைக் கதிரையை இழுத்துத் தருகிறார். போன கிழமை ஸ்தொலிச்கா என்று சொல்லி என் காலுக்கு ஸ்டூலைத் தள்ளி வைத்தார். உச்சரிப்பு மோசம், ஆனால் நான் திருத்தவில்லை. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துப் பிழைவிட்டால் பிரம்பை எடுத்தவள் நான், நீ அறிவாய். நீ அங்கே பசிக்குப் படித்த சொற்கள் இங்கே ஒரு மாமிக்கும் மருமகனுக்கும் பாசையாகிப் போயின. கோபத்தில் உன் காதில் இது ஏறாவிட்டாலும் ஒரு நாள் உனக்குச் சிரிப்பு வரும்.

என்னை அங்கே வந்து உன்னோடு இருக்கச் சொல்கிறாய். வருவேன், விருந்தாளியாக. அந்த ட்ராமில் ஏறி, காதில் வளையம் போட்ட பொடியன் எழும்புகிறானா என்று பார்த்துவிட்டு வருவேன். அந்த மீசைக்காரருக்கு இங்கிருந்து ஒரு சாரம் வாங்கிவர வேண்டும், அவர் அதை எப்படி உடுப்பார் என்பது அவர் பாடு. ஆனால் வீட்டில் குந்த இடமில்லாமல் ஓடிவந்த உம்மாவாக வரமாட்டேன். எனக்கு இடம் இருக்கிறது. மச்சானுக்கு நீ சலாம் சொல்லு. மன்னிப்புக் கேட்க நாக்கு வராவிட்டால் பரவாயில்லை, சலாம் போதும், அவர் அதிகம் எதிர்பார்க்கிறவர் இல்லை. கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்துதான் நீ புறப்பட வேண்டும், அவர் பக்கத்தில் நின்று. இது உத்தரவு.

இன்னும் ஒன்று. நேற்று நான் மருதமுனைக்குப் போனேன், புடவை விசயமாக. ஹிமாயாவின் உம்மா, உனக்கு மாமியாகப் போகிறவ, வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனா. நல்ல மனிசி, கொஞ்சம் அதிகம் கதைப்பா, எனக்குப் பிடித்துவிட்டது. புருசன் மௌத்தான பிறகு தையல் மெசினைக் காலால் மிதித்து மிதித்தே மகளை வளர்த்தவ. ஹோலின் நடுவில் புதிதாக ஒரு கதிரை. உன்னுடைய க்ர்ஷெஸ்லோதான், கைவைத்தது, கறுப்பு மெத்தை போட்டது, பெரிய ஆள் ஒருவர் படுத்தே விடலாம். பொலித்தீன் இன்னும் கழற்றவில்லை. "மாப்பிள்ளைக்கு வாங்கினது" என்று சொல்லும்போது அவவுடைய முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"நீங்க குந்திப் பார்த்தீங்களா? வசதியா இருக்கா?" என்று கேட்டேன்.

"அல்லாஹ்வே, நான் எப்பிடி அதுல குந்துற? அது மாப்பிள்ளைட."

"கடையில வச்சாவது குந்திப் பார்த்திருக்கலாமே."

"இல்ல. கையால அமத்திப் பார்த்தன். நல்ல மெதுவா இரிக்கி."

நான் இருந்த நேரம் முழுக்க அவ அந்தக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் கதைத்தா. இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன. என்னைப் போல இல்லை, என்னைவிட மோசம். குந்துங்க என்று சொன்னேன், சம்பந்தி முன்னால் எப்படிக் குந்துவது என்று சிரித்துவிட்டா. நான் அதற்குமேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை.

நீ அந்த வாசலில் கால் வைக்கும்போது கேட் சத்தம் கேட்கும். அவவும் எழும்புவா. அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை நீதான், மகன்.

உன் உம்மா